ஒரு வாள் தெரிஞ்சா பக்கத்து வாளும் தெரியுமா?

இந்த முறை கொஞ்சம் விளையாட்டு, கொஞ்சம் கணக்கு. செமஸ்டர் கணக்கு இல்லை, பயப்படாதீங்க.

நேரா ஒரு புதிரோட ஆரம்பிக்கலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு 2014-ல் வந்தது. அந்தப் புத்தகத்தின் ஆயுதப் பட்டியலில் ஷார்ட் ஸ்வோர்ட் என்று ஒரு குட்டை வாள் இருக்கு. சிமிட்டார் என்று ஒரு வளைந்த வாளும் இருக்கு. ரெண்டுமே அடிச்சா சேதம் ஒரு ஆறு பக்கப் பகடை. ரெண்டுமே லேசானவை. ரெண்டையும் உடல் பலத்துக்குப் பதிலா சுறுசுறுப்பை வைத்து வீசலாம். வித்தியாசம் மூணே மூணு. ஷார்ட் ஸ்வோர்ட் குத்தும், சிமிட்டார் வெட்டும். ஷார்ட் ஸ்வோர்ட் 10 தங்கக்காசு, சிமிட்டார் 25. சிமிட்டார் ஒரு பவுண்டு எடை கூட.

இப்போ புதிர். ரோக் என்கிற திருட்டுக் கதாபாத்திரத்துக்கு ஷார்ட் ஸ்வோர்ட் வீசத் தெரியும், சிமிட்டார் வீசத் தெரியாது. காட்டையும் மிருகங்களையும் காக்கிற ட்ரூயிட்டுக்கு சிமிட்டார் தெரியும், ஷார்ட் ஸ்வோர்ட் தெரியாது. கிட்டத்தட்ட ஒரே வாள். ஆனா ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியாது. ஏன்?

"ரூல்ஸ் புக்ல அப்படித்தான் இருக்கு" என்று சொல்லி நகர்ந்துடலாம். ஆனா இந்தக் கேள்வியை 50 வருஷமா ஒவ்வொரு பதிப்பும் வேற வேற மாதிரி விடை சொல்லி, அழிச்சு, திரும்ப எழுதிட்டே இருக்கு. அந்த விடைகளை வரிசையா வைத்துப் பார்த்தா மூணு வகைதான் வருது. அந்த மூணும் தெரிஞ்சா உங்க டேபிளுக்கு எது சரின்னு நீங்களே முடிவு பண்ணலாம். அதுதான் இன்னைக்குப் பாடம்.

விளையாடாதவங்களுக்கு ரெண்டு நிமிஷம்

நாலஞ்சு பேர் ஒரு மேஜையைச் சுத்தி உட்காருவாங்க. ஒருத்தர் கதையை நடத்துவார். அவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமா டிஎம். மத்தவங்க ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். சண்டை வந்தா இருபது பக்கப் பகடையை உருட்டி, அதோட உங்க போனஸைக் கூட்டி, எதிரியின் கவச எண்ணைத் தொட்டா அடி விழும்.

இருபது பக்கம் என்பதால் ஒவ்வொரு எண்ணும் 5 சதவீதம். +1 கிடைச்சா 5 சதவீதம் வாய்ப்பு ஏறும், -2 விழுந்தா 10 சதவீதம் இறங்கும். இந்த ஒரு கணக்கு ஞாபகம் இருந்தா போதும், மீதி எல்லாம் புரியும்.

ஒரு ஆயுதத்தைப் பயன்படுத்தத் தெரிஞ்சிருப்பதை ப்ரொஃபிஷியன்சி என்பாங்க. நாம தேர்ச்சின்னே வச்சுக்கலாம். அந்த வார்த்தையோட அருமை நமக்குத் தெரியாததா?

முதலில் தேர்ச்சியே கிடையாது

1974-ல் வந்த முதல் டி அண்ட் டி-யில் தேர்ச்சி என்று தனியா ஒண்ணும் இல்லை. மூணு வகை ஆட்கள்தான். சண்டைக்காரர் எல்லா ஆயுதமும் எடுக்கலாம். மந்திரவாதிக்குக் கத்தி மட்டும். கிளெரிக் என்கிற சாமியாருக்குக் கூர்முனை ஆயுதம் கூடாது. அவ்வளவுதான் விதி. அதோட எந்த ஆயுதம் எடுத்தாலும் சேதம் ஒரு ஆறு பக்கப் பகடைதான். கத்தியும் அதே, பெரிய வாளும் அதே. அப்போ "எந்த வாள் தெரியும்" என்று கேட்க என்ன அவசியம்?

1975-ல் கிரேஹாக் என்ற இணைப்புப் புத்தகம் வந்தது. அதில்தான் ஆயுதத்துக்கு ஆயுதம் சேதம் மாறுச்சு. அந்த நிமிஷமே வாள்கள் ஒண்ணுக்கொண்ணு வேறாகிப் போச்சு. எது நல்ல வாள் என்ற போட்டி வந்தது. போட்டி வந்தா கட்டுப்பாடும் வரணும் இல்லையா? இந்த வரிசையை கவனிங்க. எண்கள் முதலில் பிரிஞ்சது, தேர்ச்சி விதி அதுக்கு அப்புறம்தான் வந்தது.

முதல் முறை: பேரைச் சொல்லு

1978-ல் வந்த அட்வான்ஸ்ட் டி அண்ட் டி-யின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் தேர்ச்சி முழு விதியா வந்தது. ஃபைட்டர் ஆரம்பத்தில் நாலு ஆயுதம் தேர்ந்தெடுக்கலாம். மூணு லெவலுக்கு ஒண்ணு கூடும். தெரியாத ஆயுதத்தை எடுத்தா -2. மந்திரவாதிக்கு ஒரே ஒரு ஆயுதம், ஆறு லெவலுக்கு ஒருமுறைதான் அடுத்தது. தெரியாததை எடுத்தா -5.

இங்க வாள் என்று பொதுவா எழுத முடியாது. லாங் ஸ்வோர்டா, பிராட் ஸ்வோர்டா, பாஸ்டர்ட் ஸ்வோர்டா, பேரைச் சொல்லணும். லாங் ஸ்வோர்டில் புலியா இருக்கிற ஃபைட்டர் பிராட் ஸ்வோர்டை எடுத்தா அவருக்கும், வாளே பார்க்காத ஃபைட்டருக்கும் அதே -2.

ரெண்டு வாளும் எவ்வளவு தூரம்? மனுஷ அளவு எதிரிகிட்ட லாங் ஸ்வோர்ட் ஒரு எட்டு பக்கப் பகடை, சராசரி 4.5. பிராட் ஸ்வோர்ட் ரெண்டு நாலு பக்கப் பகடை, சராசரி 5. பெரிய மிருகங்கள்கிட்ட லாங் ஸ்வோர்ட் ஒரு பன்னிரண்டு பக்கப் பகடை, சராசரி 6.5. பிராட் ஸ்வோர்ட் ஒரு ஆறு பக்கப் பகடையோட ஒண்ணு, சராசரி 4.5. பேப்பரில் பார்த்தா சண்டை சமமா இருக்கிற மாதிரிதான் தெரியும். ஒண்ணு சின்ன எதிரிக்கு, ஒண்ணு பெரிய எதிரிக்கு.

ஆனா விளையாடினவங்க லாங் ஸ்வோர்டைத்தான் எடுப்பாங்க. காரணம் சேதம் மட்டும் இல்லை. 1979-ல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட் புத்தகத்தில் ஒரு மந்திர வாள் கிடைச்சா அது என்ன வகை என்று பகடை உருட்டிப் பார்க்க ஒரு கணக்கு இருக்கு. 70 சதவீதம் லாங் ஸ்வோர்ட். 20 சதவீதம் பிராட் ஸ்வோர்ட். 5 ஷார்ட் ஸ்வோர்ட், 4 பாஸ்டர்ட் ஸ்வோர்ட், 1 இரண்டு கை வாள்.

நீங்க ஆசைப்பட்டு ரெண்டு கை வாள் வீசுற ஆளை உருவாக்கினீங்கன்னு வச்சுக்கோங்க. நூறு மந்திர வாள் கிடைச்சாதான் ஒண்ணு உங்களுக்கு. பக்கத்துல லாங் ஸ்வோர்ட் எழுதினவருக்கு எழுபது. அதாவது தேர்ச்சி விதியின் உண்மையான விலை ஆயுதப் பட்டியலில் இல்லை, புதையல் பட்டியலில் இருக்கு. கேம்பஸ் இன்டர்வியூவில் எல்லா கம்பெனியும் ஒரே ஸ்கில் கேட்டா எல்லாரும் அதையேதான் படிப்பாங்க. அதே கதைதான் இங்கயும்.

பேர் முறையின் நல்லது: எழுதுறது சுலபம், சந்தேகமே வராது. "இது என் ஆள், இவர் வாள் இது" என்று ஒரு அடையாளம் கிடைக்கும். கெட்டது: புத்தகம் எழுதினவர் ரெண்டு வரியாப் பிரிச்சதை எல்லாம் உலகமும் ரெண்டாப் பிரிச்சுக்கணும்.

இரண்டாம் முறை: பெட்டியில் போடு

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு பேர் முறையைப் பெரும்பாலும் தூக்கிட்டு மூணு பெட்டி வச்சது. சிம்பிள், மார்ஷியல், எக்ஸாட்டிக். சாதாரண ஆளுக்கு சிம்பிள், சண்டைக்காரருக்கு சிம்பிளும் மார்ஷியலும், எக்ஸாட்டிக் வேணும்னா ஒவ்வொரு ஆயுதத்துக்கும் தனியா ஒரு ஃபீட் செலவு பண்ணணும். தேர்ச்சி இல்லாம வீசினா எல்லாருக்கும் -4.

இது நம்ம டிரைவிங் லைசன்ஸ் மாதிரி. கியர் வண்டிக்கு லைசன்ஸ் வாங்கிட்டா எந்த கம்பெனி பைக்கா இருந்தாலும் ஓட்டலாம். ஒவ்வொரு மாடலுக்கும் ஆர்டிஓ ஆபீஸில் போய் எட்டு போட வேண்டியதில்லை.

பெட்டி முறையில் சுவாரசியமான ஆள் பாஸ்டர்ட் ஸ்வோர்ட். ஒரு கையால் வீசினா அது எக்ஸாட்டிக், ரெண்டு கையால் பிடிச்சா மார்ஷியல். வாள் அதேதான், ரெண்டாவது கையை எடுத்த உடனே பெட்டி மாறிடுது. பெட்டிக்கு நடுவில் சுவர் கட்டினா சுவர் மேலயே உட்காருற ஒரு ஆள் எப்பவும் இருப்பார். அவருக்கு ஒரு தனி வரி எழுதித்தான் ஆகணும்.

பெட்டியை வேற மாதிரியும் அடுக்கலாம். மூன்றாம் பதிப்புக்கு 2004-ல் வந்த அன்எர்த்டு ஆர்க்கானா புத்தகம் கஷ்டத்தை விட்டுட்டு குடும்பமா அடுக்கிக் காட்டுச்சு. லாங் ஸ்வோர்ட், கிரேட் ஸ்வோர்ட், சிமிட்டார் எல்லாம் கனமான வாள்கள் குடும்பம். ஷார்ட் ஸ்வோர்ட், ரேப்பியர், டாகர் எல்லாம் லேசான வாள்கள் குடும்பம். ஒரு குடும்பம் தெரிஞ்சா அதுல எல்லாம் தெரியும். 2008-ல் வந்த நான்காம் பதிப்பும் ஹெவி பிளேடு, லைட் பிளேடு என்று குடும்பங்கள் வச்சிருந்தது. அதில் இன்னொரு மாற்றமும் இருக்கு. தெரியாததுக்குத் தண்டனை போகும், தெரிஞ்சதுக்குப் பரிசு வரும். லாங் ஸ்வோர்டில் தேர்ச்சி இருந்தா +3, சிமிட்டாரில் +2. தேர்ச்சி இல்லைன்னா அந்தக் கூட்டல் இல்லை, அவ்வளவுதான்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பும் பரிசு வழியில்தான் போச்சு. ஆனா பரிசு ஆயுதத்தைப் பொறுத்தது இல்லை, லெவலைப் பொறுத்தது. முதல் லெவலில் +2, 17-ஆம் லெவலில் +6. பெரும்பாலான இடத்தில் பெட்டி முறை. ஆனா ரோக், பார்டு, மாங்க், ட்ரூயிட் மாதிரி சிலருக்கு மட்டும் பழைய பேர் முறையையே ஒட்ட வச்சாங்க. ரோக்குக்கு சிம்பிள் ஆயுதங்கள், அதோட ஹேண்ட் கிராஸ்போ, லாங் ஸ்வோர்ட், ரேப்பியர், ஷார்ட் ஸ்வோர்ட். பட்டியலில் சிமிட்டார் பேர் இல்லை. நாம ஆரம்பத்தில் பார்த்த புதிரின் விடை இதுதான். ரெண்டு முறையைக் கலந்த இடத்தில் வந்த ஓட்டை அது.

ஓட்டை எவ்வளவு பெருசு?

சரி, ஒரு கணக்கு போடலாம். உங்க ரோக் முதல் லெவல், சுறுசுறுப்பு போனஸ் +3. ஷார்ட் ஸ்வோர்டில் மொத்தம் +5, சிமிட்டாரில் +3. எதிரியின் கவச எண் 13. ஷார்ட் ஸ்வோர்டுக்கு பகடையில் 8 வந்தா போதும், அதாவது 65 சதவீதம். சிமிட்டாருக்கு 10 வேணும், 55 சதவீதம். பரவாயில்லை, சமாளிக்கலாம்.

அதே ரோக் 17-ஆம் லெவலுக்கு வரட்டும். சுறுசுறுப்பு +5. ஷார்ட் ஸ்வோர்டில் +11, சிமிட்டாரில் வெறும் +5. எதிரியின் கவச எண் 16. ஷார்ட் ஸ்வோர்டில் 80 சதவீதம், சிமிட்டாரில் 50. வித்தியாசம் 10-லிருந்து 30-க்குப் போயிடுச்சு.

இதுல என்ன விசித்திரம் தெரியுமா? 17 லெவல் சண்டை போட்டவர் சிமிட்டாரைக் கையில எடுத்தா, அதே சுறுசுறுப்பு உள்ள, அன்னைக்குத்தான் முதல் தடவை வாளைத் தொடுற ஒருத்தரும் அவரும் ஒண்ணு. ரெண்டு பேருக்கும் +5. இவ்வளவு வருஷ அனுபவத்தில் ஒரு துளிகூட பக்கத்து வாளுக்குப் போகலை. பழைய 1978 விதியில் தண்டனை எப்பவும் -2 தான், ஆள் வளர வளர அது சின்னதா தெரியும். 2014 விதியில் ஆள் வளர வளர இழப்பும் சேர்ந்து வளருது.

சதவீதத்தைப் பத்தி இன்னொரு எச்சரிக்கை. "-4 தானே, 20 சதவீதம் தானே" என்று நினைக்காதீங்க. பாதிக்குப் பாதி அடிக்கிறவருக்கு 50 சதவீதம் 30 ஆகும். பத்து அடியில் அஞ்சு விழுந்தது இப்போ மூணு. ஆனா ஏற்கெனவே 17 வந்தாதான் அடி என்ற நிலையில் இருக்கிறவருக்கு 20 சதவீதம் 5 ஆயிடும். அவருடைய நாலு அடியில் மூணு காணாமப் போச்சு. தண்டனை ஒரே எண்தான், வலி ஆளுக்கு ஆள் வேற.

மூன்றாம் முறை: தூரத்தை அள

பேருக்கும் பெட்டிக்கும் ஒரு பொதுக் குணம் இருக்கு. தெரியும் அல்லது தெரியாது, 1 அல்லது 0. நடுவில் எதுவும் கிடையாது. மூன்றாம் முறை அந்த நடுவில் இருக்கிற இடத்தைப் பயன்படுத்துது.

1989-ல் வந்த அட்வான்ஸ்ட் டி அண்ட் டி இரண்டாம் பதிப்பு பேர் முறையை வச்சுக்கிட்டே ஒரு சின்ன திருத்தம் பண்ணுச்சு. தெரிஞ்ச ஆயுதத்துக்கு உறவான ஆயுதத்தை எடுத்தா தண்டனை பாதி, பின்னம் வந்தா மேல் எண். லாங் ஸ்வோர்ட் தெரிஞ்ச ஃபைட்டர் பிராட் ஸ்வோர்டை எடுத்தா -2 இல்லை, -1. பதினோரு வருஷமா "ரெண்டும் வேற வேற" என்று சொன்ன விதி "ரெண்டும் சொந்தக்காரங்க" என்று ஒத்துக்கிட்டது. அதே வருஷம் வந்த கம்ப்ளீட் ஃபைட்டர்ஸ் ஹேண்ட்புக்கில் இன்னொரு வழியும் உண்டு. ரெண்டு இடம் செலவழிச்சா ஒரு சின்ன குடும்பம் முழுக்க, மூணு இடம் செலவழிச்சா ஒரு பெரிய குடும்பம் முழுக்கத் தேர்ச்சி. நாலு இடம் வச்சிருக்கிற புது ஃபைட்டருக்கு இது நல்ல தலைவலி. ஒரே ஜாதி வாள்கள் எல்லாமா, அல்லது வாள், வில், ஈட்டி, கோடாரி என்று நாலு திசையில் ஒவ்வொண்ணா?

தூர முறையை முழுசா செஞ்சு காட்டினது கர்ப்ஸ் என்ற விளையாட்டு. ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 1986-ல் வெளியிட்டது, நான்காம் பதிப்பு 2004. இதில் மூணு ஆறு பக்கப் பகடை உருட்டி உங்க திறமை எண்ணுக்குள்ள வந்தா வெற்றி. ஒவ்வொரு திறமைக்கும் பக்கத்துத் திறமையிலிருந்து எவ்வளவு கழிக்கணும் என்று புத்தகத்திலேயே இருக்கு. அதுக்கு டிஃபால்ட் என்று பேர். பிராட் ஸ்வோர்டிலிருந்து ஷார்ட் ஸ்வோர்டுக்கு 2 கழிவு. பிராட் ஸ்வோர்டிலிருந்து இரண்டு கை வாளுக்கு 4 கழிவு.

உங்க பிராட் ஸ்வோர்ட் திறமை 14 என்றால் வெற்றி வாய்ப்பு சுமார் 91 சதவீதம். ஷார்ட் ஸ்வோர்டை எடுத்தா 12, சுமார் 74 சதவீதம். இரண்டு கை வாளை எடுத்தா 10, சரியா 50. வாளே தெரியாத சராசரி ஆளுக்கு ஷார்ட் ஸ்வோர்டில் 5 தான், வாய்ப்பு 5 சதவீதம்கூட இல்லை. தெரிஞ்சவர், பக்கத்து வீட்டுக்காரர், அந்நியர் என்று மூணு பேரும் மூணு இடத்தில் நிற்கிறாங்க. மனசுக்கு நியாயமா படுது இல்லையா?

கர்ப்ஸில் ஒரு காவல் விதியும் உண்டு. டிஃபால்ட்டா வந்த திறமையிலிருந்து இன்னொரு டிஃபால்ட் எடுக்கக் கூடாது. பிராட் ஸ்வோர்டிலிருந்து ஷார்ட் ஸ்வோர்ட் வரலாம். ஷார்ட் ஸ்வோர்ட் படிச்சவர் அதிலிருந்து கத்திக்கு வரலாம். ஆனா பிராட் ஸ்வோர்ட் மட்டும் படிச்சவர் ஷார்ட் ஸ்வோர்ட் வழியா கத்திக்குத் தாவ முடியாது. ஏன்னா அப்படி விட்டா கையைப் பிடிச்சுப் பிடிச்சு பட்டியலின் கடைசி வரைக்கும் போயிடலாம். நண்பனின் நண்பன் நமக்கு நண்பன் என்று போனா ஊரே நமக்கு நண்பன். டிஸ்கிரீட் மேத்ஸ் படிச்சவங்களுக்கு இது தெரியும்: ஒத்திருப்பது வேற, சமமா இருப்பது வேற. சமம் என்றால் சங்கிலியா நீட்டலாம். ஒத்திருப்பதை நீட்ட முடியாது.

திரும்புற திசையிலும் கணக்கு மாறும். ஷார்ட் ஸ்வோர்டிலிருந்து கத்திக்கு 3 கழிவு, கத்தியிலிருந்து ஷார்ட் ஸ்வோர்டுக்கு 4. லைசன்ஸிலும் அப்படித்தானே? கியர் வண்டி லைசன்ஸ் இருந்தா ஸ்கூட்டி ஓட்டலாம், கியர் இல்லாத வண்டி லைசன்ஸை வச்சுக்கிட்டு பைக் ஓட்ட முடியாது.

நிஜ வாள்கள் என்ன சொல்லுது?

"நிஜத்தில் எப்படியோ அப்படியே விதி எழுதலாமே" என்று ஒருத்தர் கட்டாயம் கேட்பார். கேட்கலாம், ஆனா பேரிலேயே சிக்கல். டி அண்ட் டி-யின் லாங் ஸ்வோர்ட் முதலில் ஒரு கை வாள். வரலாற்று ஆர்வலர்கள் அதை ஆர்மிங் ஸ்வோர்ட் என்பாங்க. அவங்க லாங் ஸ்வோர்ட் என்றால் 15-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வாள்வித்தைச் சுவடிகளில் வர்ற, ரெண்டு கையால் பிடிக்கிற நீளப் பிடி வாள். பிராட் ஸ்வோர்ட் என்ற பேரும் பின்னாளில் வந்த, கையைச் சுத்திக் கூடை மாதிரி காப்பு இருக்கிற வாளுக்குத்தான் அதிகம் பொருந்தும். மத்தியகால வாள்களை ஆராய்ந்த ஈவர்ட் ஓக்‌ஷாட் இந்தப் பேர்ச் சண்டையே வேண்டாம் என்பது போல, அலகின் வடிவத்தையும் பிடியையும் பார்த்து ரோமன் எண்களில் வகை பிரிச்சார்.

திறமை தாவுமா என்பதற்கு ஒரு நல்ல சாட்சி ஃபியோரே தேய் லிபேரி. 15-ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில் எழுதின இத்தாலிய வாள் ஆசான். அவருடைய சுவடியில் மல்யுத்தம், கத்தி, ஒரு கை வாள், இரண்டு கை வாள், ஈட்டி எல்லாம் ஒரே கலையின் பகுதிகளா வருது. கால் வைக்கிறது, தூரம் பார்க்கிறது, எதிரியின் கையைப் பிடிக்கிறது எல்லாம் ஆயுதம் மாறினாலும் கூடவே வரும். அதுக்காக எல்லாம் அப்படியே வந்துடாது. எடையும் நீளமும் மாறினா நேரக் கணக்கு மாறும். ஆக நிஜம் மூன்றாம் முறைக்குத்தான் கை தூக்குது.

அப்போ எல்லாரும் தூர முறைக்கே போகலாமே?

இங்கதான் விஷயம் இருக்கு. தேர்ச்சி விதி வாளைப் பத்தினது போல தெரியும். உண்மையில் அது மேஜையில் உட்கார்ந்திருக்கிற மனுஷங்களைப் பத்தினது. யாருக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான் அது பங்கு போடுது.

விதி ரொம்பக் குறுகலா இருந்தா புதையல் வீணாகும். மூணு வாரம் கஷ்டப்பட்டு குகையைத் தாண்டி வந்தா ஒரு மந்திர சிமிட்டார் கிடைக்கும், குழுவில் ஒருத்தருக்கும் அதை வீசத் தெரியாது. விற்கிறதைத் தவிர வழியில்லை. 2014 விதியில் வெப்பன் மாஸ்டர் என்ற ஃபீட் எடுத்தா நாலு ஆயுதத்தில் தேர்ச்சி கிடைக்கும். ஆனா ஒரு சிமிட்டாருக்காக அபூர்வமா கிடைக்கிற ஒரு ஃபீட்டைச் செலவு பண்ண யாருக்கு மனசு வரும்?

விதி ரொம்ப அகலமா இருந்தா வேற ஒருத்தர் நஷ்டப்படுவார். மந்திரவாதியிடம் மந்திரம் இருக்கு. ரோக்கிடம் பூட்டுத் திறக்கிற திறமை இருக்கு. ஃபைட்டரிடம் என்ன இருக்கு? "எந்த ஆயுதம் கொடுத்தாலும் வீசுவேன்" என்பதுதான். எல்லாருக்கும் எல்லா வாளும் தெரியும் என்று சொல்லிட்டா அவருடைய ஒரே சொத்தை ஊருக்கே பங்கு போட்டுக் கொடுத்த மாதிரி. டேபிளில் அதிகம் பேசாத ஆள்தான் பெரும்பாலும் ஃபைட்டர் எடுத்திருப்பார். அவர் வாயைத் திறந்து குறை சொல்ல மாட்டார். ரெண்டு வாரம் கழிச்சு வராமப் போயிடுவார்.

2024-ல் வந்த திருத்தப் பதிப்பு ரெண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கு. ரோக்குக்கு இப்போ பேர்ப் பட்டியல் இல்லை. சிம்பிள் ஆயுதங்கள், அதோட ஃபினஸ் அல்லது லைட் என்ற குணம் உள்ள மார்ஷியல் ஆயுதங்கள். சிமிட்டார் உள்ளே வந்தாச்சு, நம்ம புதிர் தீர்ந்தது. கூடவே லாங் ஸ்வோர்ட் வெளியே போயிடுச்சு, ஏன்னா அதுக்கு அந்த ரெண்டு குணமும் இல்லை. பேரைப் பார்க்காம குணத்தைப் பார்க்கிறாங்க. ஆனா பேரின் சுவையையும் விடலை. வெப்பன் மாஸ்டரி என்று மேலே ஒரு அடுக்கு வச்சிருக்காங்க. ஷார்ட் ஸ்வோர்டுக்கு ஒரு தனி வித்தை, சிமிட்டாருக்கு வேற வித்தை. அந்த வித்தையைப் பயன்படுத்த எந்த ஆயுதம் என்று பேர் சொல்லித் தேர்ந்தெடுக்கணும். தொடக்கத்தில் ரோக்குக்கு ரெண்டு, ஃபைட்டருக்கு மூணு. வீசுறதுக்கு அகலமான கதவு, அழகா வீசுறதுக்குக் குறுகலான கதவு. ஃபைட்டருக்கு அவர் சொத்து திரும்பக் கிடைச்சது.

உங்க டேபிளுக்கு ஒரு விதி

2014 புத்தகத்தை வச்சு விளையாடுறவங்க இன்னும் நிறைய பேர். நம்ம ஹாஸ்டலில் கைமாறிக்கிட்டு இருக்கிறதும் அதுதான். அதுக்கு எங்க குழுவில் நாங்க வச்சிருக்கிற விதியைச் சொல்றேன். பிடிச்சா எடுத்துக்கோங்க.

ரெண்டு வாளை ஒப்பிட மூணு கேள்வி. ஒண்ணு, எத்தனை கை? ரெண்டு, வெட்டா குத்தா? மூணு, லேசா, நடுத்தரமா, கனமா? புத்தகத்தில் லைட் என்று இருந்தா லேசு, ஹெவி என்று இருந்தா கனம், ரெண்டும் இல்லைன்னா நடுத்தரம். தேர்ச்சி உள்ள வாளோட ஒரே ஒரு கேள்வியில் மட்டும் வித்தியாசம் வந்தா தேர்ச்சி போனஸில் பாதி கிடைக்கும், பின்னம் வந்தா கீழ் எண். ரெண்டு வித்தியாசம் வந்தா ஒண்ணும் கிடையாது. பாதியிலிருந்து இன்னொரு பாதிக்குத் தாவக் கூடாது.

ஷார்ட் ஸ்வோர்டும் சிமிட்டாரும்: ஒரு கை, லேசு, ரெண்டும் ஒண்ணு. குத்து, வெட்டு மட்டும் வேற. அப்போ பாதி. நம்ம 17-ஆம் லெவல் ரோக்குக்கு சிமிட்டாரில் +8. அதே எதிரியிடம் 65 சதவீதம். 80-க்கும் 50-க்கும் நட்டநடுவில். முதல் லெவலில் +1 தான் கூடும், யாருக்கும் கஷ்டமில்லை. முழு போனஸ் ஃபைட்டருக்குத்தான், அவர் மரியாதையும் காப்பாத்தியாச்சு.

முக்கியமான ஒரு விஷயம்: இதை சண்டை நடுவில் உட்கார்ந்து கணக்குப் போடாதீங்க. கேம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒவ்வொருத்தரும் தன் வாளுக்குப் பக்கத்து வாள்கள் எவை என்று கேரக்டர் ஷீட்டின் ஓரத்தில் எழுதி வச்சிடணும். தூர முறையின் ஒரே பெரிய குறை நேரம். அதை முன்கூட்டியே செலவழிச்சிட்டா குறையில்லை.

விதி எதுவும் பிடிக்கலைன்னா, ரெண்டாம் வழி: டிஎம் புதையலை மாத்தி வைக்கட்டும். குழுவில் ரோக் மட்டும்தான் வாள்காரர் என்றால் கிடைக்கிற மந்திர வாள் ஷார்ட் ஸ்வோர்டாவே இருக்கட்டும். 1979 பட்டியல் மாதிரி 70 சதவீதத்தை ஒரே வாளுக்குக் கொடுத்துட்டு "எல்லாரும் ஏன் லாங் ஸ்வோர்டே எடுக்கிறீங்க" என்று கேட்கக் கூடாது.

வீட்டுப்பாடம்

மேலே சொன்ன மூணு கேள்வியை வச்சு இதைப் போட்டுப் பாருங்க. ஷார்ட் ஸ்வோர்டும் ரேப்பியரும் பக்கத்து வாளா? லாங் ஸ்வோர்டை ரெண்டு கையால் பிடிக்கிறவருக்கு கிரேட் ஸ்வோர்ட் பக்கத்து வாளா? ரெண்டுக்கும் ஆமாம் என்றுதான் வரும், சரிபாருங்க.

மூணாவது கேள்வி கொஞ்சம் கஷ்டம். ஒரு கையால் வீசுற லாங் ஸ்வோர்டுக்கும் ரேப்பியருக்கும் வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான் வருது. வெட்டு, குத்து. விதிப்படி பக்கத்து வாள். ஆனா அகலமான வெட்டு வாளும் கம்பி மாதிரி குத்து வாளும் அவ்வளவு நெருக்கமா? இல்லை என்று நினைச்சா நாலாவது கேள்வியா எதைச் சேர்ப்பீங்க? சேர்த்த பிறகு ஷார்ட் ஸ்வோர்டும் சிமிட்டாரும் பிரிஞ்சு போயிடக் கூடாது, அதுதான் நிபந்தனை.

விடை கண்டுபிடிச்சவங்க உங்க டேபிளில் ரெண்டு சண்டை ஓட்டிப் பார்த்துட்டு எழுதி அனுப்புங்க. ஃபைட்டர் எடுத்தவர்கிட்ட மறக்காம கருத்து கேளுங்க.